உஷார்! சூடான வெல்டிங்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆரணி அரிசி ஆலைக்காரர்களே, பட்டறைக்காரர்களே, வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் இதைக் கேளுங்கள். ஷாஃப்ட் ஒடிந்தால் ஆலை நிற்கும், நெல் தேங்கும். அந்த அவசரத்தில், வெல்டிங் முடிந்த கையோடு தண்ணீரை ஊற்றிச் சூட்டைத் தணித்து லேத்தில் ஏற்றுவது பெரிய ஆபத்து. சாதாரண எம்.எஸ். இரும்பு ஒருவேளை பிழைத்துக்கொள்ளும். இ.என்.24 போன்ற வலுவான எஃகு பிழைக்காது.

கடலுக்கடியில் வெல்டிங் செய்கிறவர்கள் அஞ்சுவதும் தண்ணீரால் வரும் இந்த ஆபத்துக்குத்தான். ஆர்க் சூட்டில் தண்ணீர் பிரிந்து, அதிலுள்ள ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் புகுந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீர் சூட்டைச் சட்டென்று உறிஞ்ச, வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் இறுகி நொறுங்கும் தன்மை பெறும். வெல்டிங் ஆறும்போது உள்ளே தங்கும் இழுவிசையும் சேர்ந்தால் விரிசல்தான். எஃகு எவ்வளவு எளிதில் இப்படி இறுகும் என்பதைக் காட்டும் கார்பன் சமன் மதிப்பு 0.40-ஐத் தாண்டினாலே நீருக்கடியில் நேரடியாக வெல்டிங் செய்யத் தயங்குவார்கள். இ.என்.24-க்கு அது ஏறக்குறைய இருமடங்கு! ஈரம் குடித்த ராடும் ஒரு வாளித் தண்ணீரும் போதும், கடலடி ஆபத்து பட்டறைக்கே வந்துவிடும்.

இன்னும் பயங்கரம், விரிசல் உடனே தெரியாது. சில மணி நேரம், இரண்டு நாள்கூடக் கழித்து உள்ளுக்குள்ளேயே விழும். கண்ணில் படாத விரிசல் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961-இல் திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10, குளிரான காலை. 45 டன் லாரி ஏறியதும் பாலத்தின் ஒரு பகுதி உடைந்து தொய்ந்தது. வலுவான எஃகு உத்தரங்களில், வெல்டிங் ஓரத்தில் தயாரிப்பின்போதே விழுந்திருந்த விரிசல்கள்தான் வினையாயின. ஓடுகிற ஷாஃப்ட் ஒடிந்தால் பெல்ட்டும் புல்லியும் எங்கே பாயும், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலில் எஃகு என்ன ரகம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 6013 ராடு இதற்கு ஆகாது. 7018 வேண்டும். அதையும் வெயிலில் காய வைத்தால் போதாது. ஓவனில் 300 முதல் 350 டிகிரி வரை வறுத்து, சூடு ஆறுமுன் எடுத்துப் பயன்படுத்துங்கள். இ.என்.24 ஷாஃப்ட்டை 250 டிகிரி அளவுக்குச் சூடேற்றிய பிறகே ஆர்க் வையுங்கள். இடையில் டீக்குப் போய் ஆறவிடாதீர்கள். முடித்ததும் காய்ந்த உமிச் சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிடுங்கள். ஆலையில் அதற்கா பஞ்சம்? நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். மேலே சாய ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது மேல்விரிசலை மட்டுமே காட்டும், உள்ளே பார்க்க அல்ட்ராசானிக் தேவை. அதுவரை ஷாஃப்ட்டை மெஷினில் மாட்டாதீர்கள்.