ஏறும்போது திணறும், இறங்கும்போது அசத்தும்! - தட்டு வடிவ ராக்கெட் எப்படிப் பறக்கிறது?

``சித்தி, ராக்கெட் ஏன் எப்பவும் பென்சில் மாதிரியே இருக்கு? தட்டு மாதிரி செஞ்சா பறக்காதா?''

நெய்வேலி டவுன்ஷிப்பில் அக்கா வீட்டு மொட்டைமாடி. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் கையில் இரண்டு பேப்பர் தட்டுகள், ஒரு பசை டப்பா. பக்கத்தில், தீபாவளிக்கு மிச்சமான ராக்கெட் வெடிகள். மருந்தைப் பிரித்துத் தட்டுக்குள் அடைப்பதுதான் திட்டம்! ஷிஃப்ட் முடிந்து வந்த அவன் அப்பா, முதல் வேலையாக வெடிகளை வாளித் தண்ணீரில் போட்டார். கேள்வி மட்டும் மிஞ்சியது.

பதில், பறக்கும். ஆனால், உயரம் போகாது.

பென்சில் வடிவம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். தட்டோ தன் முழு அகலத்தாலும் காற்றைத் தள்ள வேண்டும். அந்தத் தடையே இறங்கும்போது வரமாகிறது. பாராசூட் இல்லாமலே மெதுவாக, ஏவிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். மரங்கள் நிறைந்த நெய்வேலியில், பாராசூட்டோடு காற்றில் போகும் ராக்கெட்டை எந்தக் கிளையில் தேடுவது?

நாசாவின் தட்டு

செவ்வாயில் கனமான கலங்களை இறக்க நாசா சோதித்ததும் தட்டு வடிவம்தான். 2014 ஜூன் 28 அன்று ஹவாயில், எல்.டி.எஸ்.டி என்ற கலத்தை ராட்சத பலூன் சுமார் 36 கி.மீ உயரத்துக்குத் தூக்கிச் சென்றது. அங்கே சிறு ராக்கெட்டுகள் அதைப் பம்பரம்போலச் சுழற்றின. சுழன்றால்தான் தட்டு தடம் மாறாது. பிறகு பெரிய மோட்டார் எரிந்து, ஒலியைப்போல நான்கு மடங்கு வேகத்துக்குத் தள்ளியது. கலத்தைச் சுற்றியிருந்த வளையம் காற்றடைத்து விரிந்து வேகத்தைக் குறைத்தது. பாராசூட்தான் சரியாக விரியவில்லை. 2015-ல் நடந்த அடுத்த சோதனையிலும் அதே பிரச்னை!

நம் இஸ்ரோவும் சளைத்ததல்ல. 2022 செப்டம்பர் 3-ல் தும்பாவிலிருந்து ரோகிணி ராக்கெட்டில், மடித்துவைத்த கெவ்லார் துணி அமைப்பு ஒன்றை அனுப்பியது. சுமார் 84 கி.மீ உயரத்தில் அது நைட்ரஜன் வாயுவால் உப்பி, காற்றின் தடையைப் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்தபடி இறங்கியது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இரண்டு பேப்பர் தட்டுகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டுங்கள். பெரியவர்கள் துணையோடு மாடியிலிருந்து போட்டால், ஆடி ஆடிப் பக்கவாட்டில் நழுவும். அடிப்பக்க நடுவில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டிப் போடுங்கள், ஆட்டம் குறையும். போகும் திசையில் எடை முன்னால் இருக்க வேண்டும் என்பது மாடல் ராக்கெட்டுகளுக்கும் பொதுவான பாடம்.

வெடிமருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். வெளிநாடுகளில் மாடல் ராக்கெட் விடுபவர்களும் தொழிற்சாலையில் தயாரான மோட்டாரைத்தான் பொருத்துகிறார்கள். தள்ளி நின்று மின்சாரத்தால்தான் பற்றவைக்கிறார்கள். பட்டாசைப் பிரித்து மருந்தைக் கையால் இடித்து அடைக்கும்போது, ஓர் உரசல் போதும், விரல்கள் போய்விடும். லீவில் பிள்ளைகள் பட்டாசைப் பிரிப்பதைப் பார்த்தால், திட்டுவதோடு நிறுத்தாமல் கையில் இரண்டு தட்டுகளைக் கொடுங்கள்.

அக்கா மகன் அன்று மாலைக்குள் பதினோரு தட்டுகளைக் காலி செய்துவிட்டான். பன்னிரண்டாவது, வாசல் கோலத்தின் மேல் நேராக வந்து உட்கார்ந்தது.