இன்ஹேலர் ஒரு கையில், பீடி மறு கையில்



மார்கழிப் பனி இறங்கும் நாட்களில் சுப்ஹு தொழுகைக்கு வருகிறவர்களைக் கவனித்தால் தெரியும். பள்ளிவாசல் வாசலைத் தாண்டியதும் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் சில பெரியவர்கள் உளூச் செய்ய உட்காருவார்கள். ருகூவிலிருந்து ஸஜ்தாவுக்குப் போய் எழுவதற்குள் இளைப்பு வந்துவிடும். நாற்காலி போட்டுத் தொழுகிறவர்கள் எல்லோருக்கும் முட்டிவலி என்று நினைக்காதீர்கள். சிலருக்கு வலி முட்டியில் இல்லை, குறை மூச்சில் இருக்கிறது.

இவர்களில் பலருக்கு இருப்பது சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சொல்லும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய். சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கும். அதே பையில் பீடிக்கட்டும் இருக்கும். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில்தான் இரண்டும் வாங்கப்படுகின்றன. விட்டுவிடுங்கள் அத்தா என்று சொன்னால் வரும் பதிலும் நமக்குத் தெரிந்ததுதான்: "நாப்பது வருஷப் பழக்கம். நெஞ்சு கெட்டது கெட்டுப் போச்சு. இனிமே விட்டு என்ன ஆகப் போகுது?"

அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொல்லிப் பார்ப்போம்.

புகை நெஞ்சுக்குள் போனதும் உடம்பு அதை எதிரி என்றே எடுத்துக்கொள்கிறது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதல்லவா, அதே வேலைதான் மூச்சுக் குழாய்க்குள்ளும் நடக்கிறது. மருத்துவத்தில் இதற்கு அழற்சி என்று பெயர். இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் படைபோல வந்து இறங்குகின்றன. முள்ளை எடுத்துவிட்டால் வீக்கம் வடிந்துவிடும். பீடி பிடிப்பவருக்கோ மணிக்கு ஒரு தரம் முள் குத்திக்கொண்டே இருக்கிறது, படை திரும்பிப் போவதே இல்லை.

அந்த அணுக்கள் வெறுமனே நிற்பதும் இல்லை. கிருமியைக் கரைக்க வைத்திருக்கும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளை உமிழ்கின்றன. கிருமி இல்லாத இடத்தில் அவை நம் சொந்தச் சதையையே கரைக்கும். நுரையீரலின் முனைகளில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன. ரப்பர்போல விரிந்து சுருங்கும் அவற்றின் சுவர்தான் முதலில் அறுபடுகிறது. நான்கு சிறிய அறைகள் உடைந்து ஒரு பெரிய தொளதொளத்த பையாகிவிடும். உள்ளே போன காற்று வெளியே வர மறுக்கும். மூச்சை இழுக்க முடியவில்லை என்று நோயாளி சொல்வார். உண்மையில் அவரால் விட முடியவில்லை. இதோடு குழாய்களின் உள்சுவர் தடிக்கிறது, சளி அதிகம் சுரக்கிறது, சளியைக் கூட்டி வெளியே தள்ளும் நுண்ணிய முடிகள் புகையில் செயலிழக்கின்றன. காலையில் அரைமணி நேரம் காறுவது இதனால்தான்.

இந்த அழற்சி நெஞ்சோடு நிற்பதில்லை. இரத்தத்தின் வழியாக உடம்பு முழுக்கப் பரவி, தொடைச் சதை வற்றவும் மாரடைப்பு வாய்ப்பு கூடவும் காரணமாகிறது. இளைப்பு நோயாளிகள் பலர் மெலிந்தே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீக்கத்தைக் குறைக்கத்தானே ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் தருகிறார்கள், அதை ஒழுங்காக இழுத்தால் போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குவதற்கு ஸ்டீராய்டுக்கு நம் அணுக்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதியின் துணை வேண்டும். சிகரெட் புகை அந்த நொதியின் வலுவைக் குறைத்துவிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பீட்டர் பார்ன்ஸ் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பூட்டைத் திறக்கச் சாவி கொடுத்துவிட்டு, மறு கையால் பூட்டுக்குள் மண்ணைப் போடுவது போன்றது இது. மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் மருந்தில் ஒரு பங்கு பீடிப் புகையிலேயே வீணாகிறது.

இனி அத்தாவின் கேள்விக்கு வருவோம். ஒரு உண்மையை மறைக்கக் கூடாது: உடைந்த காற்றறை மீண்டும் முளைக்காது. நோய் வந்தவர் பீடியை விட்டாலும் அழற்சி முழுவதும் அணைவதில்லை, நீறு பூத்த நெருப்பாகக் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் விட்டு என்ன லாபம்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்நோயின் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருந்த 5,887 புகைப்பிடிப்பவர்களை வைத்து 1980களின் பிற்பகுதியில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். முழு மூச்சை இழுத்து ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதே அளவுகோல். 11 ஆண்டுக் கணக்கு 2002ல் வெளியானது. பழக்கத்தைத் தொடர்ந்த ஆண்களுக்கு அந்த அளவு ஆண்டுக்கு 66 மில்லி வீதம் குறைந்தது. முழுவதுமாக விட்டவர்களுக்கு 30 மில்லிதான் குறைந்தது. வயதாகும்போது எல்லோருக்குமே கிட்டத்தட்ட இந்த அளவு குறையும். 11 வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் ஏறக்குறைய 400 மில்லி. நோய் முற்றியவருக்கு ஒரு நொடியில் வருவதே ஒரு லிட்டர்தான் என்னும்போது, இந்த 400 மில்லிதான் கடைவீதிக்குத் தானாக நடந்து போவதற்கும் வாசல் திண்ணையோடு நின்றுவிடுவதற்கும் உள்ள வேறுபாடு. ஹஜ்ஜுக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு நடை என்பது மூன்று கிலோமீட்டருக்கு மேல்.

விட்ட புதிதில் ஒரு வேடிக்கை நடக்கும். இருமலும் சளியும் கூடியதுபோல இருக்கும். "பார்த்தீங்களா, பீடிதான் சளியை அறுத்துக்கிட்டு இருந்துச்சு" என்று பலர் மறுபடி பற்ற வைப்பது இந்தக் கட்டத்தில்தான். செயலிழந்திருந்த நுண்முடிகள் மீண்டும் வேலைக்கு வந்து பழைய குப்பையைக் கூட்டித் தள்ளுவதால் வரும் இருமலாக அது இருக்கலாம். சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால், அல்லது யாருக்கானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

பீடி சின்னதுதானே, சிகரெட்டைவிடத் தேவலை என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. பீடி அடிக்கடி அணையும், அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். ஒரு பீடியிலிருந்து உள்ளே போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல, பெரும்பாலும் கூடுதல்.

நம் இரண்டு மாவட்டங்களில் புகையோடு தூசும் சேர்ந்துகொள்கிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட், அதை ஏற்றி ஓடும் லாரிகள். பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரி, கிரஷர். அங்கெல்லாம் வேலை பார்த்தவர் பீடியும் பிடித்தால் நெஞ்சுக்கு இரட்டைச் சுமை. பெண்கள் பீடி பிடிப்பதில்லை, ஆனால் விறகடுப்பு ஊதியவர்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைப்பழக்கமே இல்லாத 900 பெண்களைச் சோதித்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் இருப்பவர்களிடம் இந்நோய் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. வீட்டுக்குள் ஆண்கள் விடும் புகை இதற்கு மேல்மிச்சம். உம்மாவுக்கு மூச்சு வாங்கினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. ஆரம்ப நிலை எக்ஸ்ரேயில் தெரியாது. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைதான் சொல்லும். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, 2022ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்து, இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. பழக்கமாகிறது பீடிதான். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் பீடி, தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம், தீப்பிடித்துவிடும்.

நம் மக்களுக்கு விடுவதற்கென்றே ஒரு மாதம் கிடைத்திருக்கிறது. சஹரிலிருந்து இஃப்தார்வரை பதிமூன்று மணி நேரம் பீடியைத் தொடாமல் இருக்கிறவர், நோன்பு திறந்ததும் கஞ்சியை வைத்துவிட்டு வெளியே போய்ப் பற்ற வைக்கிறாரே, அந்த ஒரு பீடியைத்தான் முதலில் விட வேண்டும். அதைத் தராவீஹ் வரை தள்ளினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு முதல் மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் தணியும். முடியாதவர்களுக்கு மருந்துக் கடையில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். பீடிக்குப் பதில் குட்கா, வாய்ப்புகையிலைக்கு மாறுவது தீர்வல்ல.

நோன்பில் இன்ஹேலர் இழுக்கலாமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலை, இரவு இழுக்கும் மருந்தை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றியமைக்க டாக்டரால் முடியும். ஆனால் நோன்பைக் காரணம் காட்டி யாரும் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. நோயாளிக்குச் சலுகை இருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகச் சொல்கின்றன. பகலில் மூச்சுத் திணறல் வந்தால் உடனே இழுத்துவிட வேண்டும், நோன்பைப் பிறகு கழாச் செய்துகொள்ளலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, பேச முடியாமல் மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.

பழக்கத்தை விட யோசனை கேட்க மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. அத்தா பேசத் தயங்கினால் மகனோ மகளோ முதலில் அழைத்துக் கேட்டுவிட்டு, பிறகு அவரிடம் போனைக் கொடுக்கலாம்.