வழங்கிக் கணினிகளும் மறுதொடக்கச் சிக்கல்களும்

முன்னுரை

தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு, தொடர்வண்டி முன்பதிவு, நூலகப் பட்டியல் என இன்று நாம் திரையில் காணும் ஒவ்வொன்றன் பின்னும் இரவு பகலாக உழைக்கும் ‘சர்வர்’ எனப்படும் வழங்கிக் கணினி இருக்கின்றது. அதனுள் ஓயாது விழித்திருந்து, கேட்பவர்க்குக் கேட்டதை எடுத்தளிக்கும் நிரலைச் ‘சேவை’ என்பர். அச்சேவை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று வரையறுப்பது அமைவுக் கோப்பு. பெரும்பாலான சேவைகள் தொடங்கும்பொழுது ஒருமுறை இக்கோப்பைப் படித்து நினைவில் இருத்திக்கொள்கின்றன. பின்னர் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. சேவையை மறுதொடக்கம் செய்தலும் வேண்டும். எளிதாகத் தோன்றும் இச்செயலைத் தானியங்கிக் கருவிகளிடம் ஒப்படைக்கும்பொழுது எழும் சிக்கல்களையும், அவற்றைக் கண்டு களையும் நெறியையும் ஈண்டுக் காண்போம். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவலாம். மொழியால் ஆணையிடுவதும், ஆணை திரிந்து பொருள் மாறுவதும் நம் துறைக்குப் புறம்பானவை அல்ல என்பதே நம் விடை.

கருவிகளின் தோற்றம்

கணினி ஒன்றாயின் கையால் திருத்தலாம். ஆயிரமாயின் என் செய்வது? இவ்வினாவிற்கு விடையாக 1993-ஆம் ஆண்டு, நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்க் பர்ஜெஸ் ‘சிஎஃப்என்ஜின்’ என்னும் கருவியைப் படைத்தார். 2005-இல் லூக் கேனிஸ் உருவாக்கிய ‘பப்பெட்’, 2009-இல் ‘செஃப்’, 2011-இல் ‘சால்ட்’, 2012-இல் மைக்கேல் டிஹான் உருவாக்கிய ‘அன்சிபிள்’ ஆகியன இவ்வழியில் வந்தவை.

கைவேலையின் இடர் எத்தகையது என்பதற்கு 2012 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் நிகழ்ந்தது சான்றாகும். எட்டு வழங்கிகளில் ஏற்ற வேண்டிய புதிய நிரல் ஒன்றில் மட்டும் விடுபட்டது. அந்த ஒன்று பழைய நிரலின்படி பங்குகளை வாங்கியும் விற்றும் குவிக்க, ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் இழப்பு நேர்ந்தது. எட்டில் ஒன்றை மறக்கும் மனித இயல்புக்கு மாற்றாகவே இக்கருவிகள் தேவைப்படுகின்றன.

ஏவலும் வியங்கோளும்

சாதாரண நிரல் ஏவல் வினைகளால் ஆனது: ‘கோப்பை எழுது, சேவையை நிறுத்து, மீண்டும் தொடங்கு.’ இக்கருவிகளின் மொழியோ வியங்கோளை ஒத்தது: ‘கோப்பு இவ்வாறு இருக்க; சேவை இயங்குக.’ செய்ய வேண்டிய செயலைக் கூறாது, இருக்க வேண்டிய நிலையைக் கூறுவது இதன் சிறப்பு. கருவி உள்ள நிலையை விரும்பும் நிலையோடு ஒப்பிடும். வேறுபாடு இருப்பின் மட்டும் மாற்றும். இல்லையேல் வாளா இருக்கும். எத்தனை முறை இயக்கினும் விளைவு ஒன்றே.

இங்குதான் சிக்கலின் வேர் உள்ளது. ‘இயங்குதல்’ ஒரு நிலை. ‘மறுதொடக்கம்’ நிலை அன்று, நிகழ்ச்சி. சேவை இயங்குகிறதா என்பதைக் கருவி காண இயலும். புதிய கோப்பைப் படித்து இயங்குகிறதா, பழையதை நினைவில் கொண்டு இயங்குகிறதா என்பதை அது இயல்பாகக் காண இயலாது. இக்குறையை நிரப்பத் தூது முறை ஒன்றை வகுத்தனர். கோப்பு மாறியவுடன், ‘நான் மாறினேன், நீ மீண்டும் தொடங்கு’ என்று சேவைக்குச் செய்தி செல்லும். பப்பெட்டில் இது ‘நோட்டிஃபை’ எனப்படும். அன்சிபிளில் தூதைப் பெற்றுச் செயல்படுவது ‘ஹேண்ட்லர்’. இத்தூது மாற்றம் நிகழும் அந்த ஒருமுறை மட்டுமே புறப்படும் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

தொடங்காமை

முதற் சிக்கல், தூது சென்று சேராமை. அன்சிபிளில் ஹேண்ட்லர்கள் உடனே இயங்குவதில்லை. பணித்தொகுதியின் இறுதியில் இயங்கும். கோப்பு மாறியபின், இறுதி எய்துமுன் வேறொரு பணி தோல்வியுற்றால், அக்கணினியில் ஹேண்ட்லர் இயங்காமலே போகும். பிழையைத் திருத்தி மறுமுறை இயக்கும்பொழுது, கோப்பு முன்னரே சரியாக இருத்தலின் ‘மாற்றம் இல்லை’ என்று கருவி கூறும். மாற்றம் இல்லையேல் தூதும் இல்லை. அறிக்கை முழுதும் பச்சை நிறமாய் ஒளிரும். சேவையோ பழைய அமைவிலேயே இயங்கும். பல திங்கள் கழித்து மின்தடையால் கணினி நின்று மீண்டும் எழும்பொழுதுதான் புதிய அமைவு உயிர் பெறும். அதில் பிழை இருப்பின், அதனை எழுதியவர் யார், எதற்கு என்று அறிவார் எவரும் அன்று இருக்கமாட்டார்.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் சேவை தொடங்கிய நேரத்தையும் ஒப்பிடுக. லினக்ஸ் கணினிகளில் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்னும் கட்டளை தொடக்க நேரத்தைத் தரும். கோப்பு பிந்தியதாயின் தூது தவறியிருக்கலாம் என ஐயுறுக. அன்சிபிளில் ‘ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ்’ என்னும் விருப்பம், இடையில் தோல்வி நேரினும் ஹேண்ட்லரை இயக்கும். ‘ஃபிளஷ் ஹேண்ட்லர்ஸ்’, இறுதிவரை காத்திராமல் வேண்டிய இடத்திலேயே இயக்கும்.

கோப்பு மாறாமலும் மறுதொடக்கம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்னும் மறைகுறியீட்டு நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டது. நிரலகத்தைப் புதுப்பித்தபின்னும், முன்னரே இயங்கிக்கொண்டிருந்த சேவைகள் பழைய நிரலகத்தையே நினைவில் தாங்கி நின்றன. அவற்றை மறுதொடக்கம் செய்யும்வரை ஓட்டை அடைபடவில்லை. இத்தகைய சேவைகளைச் சுட்டிக்காட்ட டெபியன், உபுண்டு கணினிகளில் ‘நீட்ரீஸ்டார்ட்’ என்னும் துணைக்கருவி பயன்படுகின்றது.

ஓயாத் தொடக்கம்

இரண்டாவது, இதன் மறுதலை. பப்பெட் இயல்பாக 30 நிமிடத்திற்கு ஒருமுறை நிலையைச் சரிபார்க்கும். ஒவ்வொரு முறையும் கோப்பு மாறியதாகத் தோன்றினால், நாளொன்றுக்கு 48 முறை சேவை நின்று எழும். பயன்படுத்துவோரின் தொடர்பு அறுபடும். காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கோப்பின் வார்ப்பில் ‘உருவாக்கிய நேரம்’ போன்ற மாறும் வரி இருத்தல் ஒன்று. வரிசை நிலையில்லாத பட்டியலை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் எழுதுதல் மற்றொன்று. ஒரே கோப்பை இரு விதிகள் மாறி மாறித் திருத்துதல் மூன்றாவது; ஒருவர் திறந்த கதவை மற்றவர் சாத்துவது போன்றது இது.

சோதனை எளிது. கருவியை அடுத்தடுத்து இருமுறை இயக்குக. இரண்டாம் முறை மாற்றம் சுழியமாக இருத்தல் வேண்டும். இல்லையேல், அன்சிபிளின் ‘டிஃப்’ விருப்பம் எந்த வரி மாறுகின்றது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

தொடங்கி வீழ்தல்

மூன்றாவது, நின்ற சேவை எழாமை. கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் சேவை தொடங்க மறுக்கும். பழையது நிறுத்தப்பட்டது, புதியது எழவில்லை. எனவே எழுதுமுன் சரிபார்த்தல் தலையாயது. ‘என்ஜின்எக்ஸ்’ வலைச் சேவையும், தொலைவிலிருந்து கணினியுள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ சேவையும் தம் கோப்பைத் தாமே சோதிக்கும் வசதி உடையவை. கோப்பை இடத்தில் வைக்குமுன் அச்சோதனையை நடத்த அன்சிபிளில் ‘வேலிடேட்’, பப்பெட்டில் ‘வேலிடேட் சிஎம்டி’ என்னும் விதிகள் உள. எஸ்எஸ்எச் கோப்பில் பிழை நேரின் திருத்தப் போகும் வாயிலே அடைபடும் என்பதால் அங்கு இது கட்டாயம்.

மறுதொடக்கத்திற்கு மாற்றாக ‘மறுவாசிப்பு’ உள்ள இடத்தில் அதனையே தேர்க. என்ஜின்எக்ஸ் மறுவாசிப்பில் புதிய கோப்பு பிழையுடையதாயின் அதனை ஒதுக்கிப் பழைய அமைவிலேயே தொடர்ந்து இயங்கும்.

மேலும், ‘சிஸ்டம்டி’ என்னும் சேவை மேலாளர் இயல்பாக 10 நொடிகளுக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடக்க முயற்சியை ஏற்பதில்லை. ‘மிக விரைவாக மீண்டும் மீண்டும் தொடங்கப்பட்டது’ என்னும் செய்தியே நோய் என மயங்குதல் கூடாது. பதிவேட்டை மேல்நோக்கிப் படித்து முதற் பிழையைக் காண்க. கடைசி வரி பெரும்பாலும் விளைவையே கூறும், காரணத்தை அன்று.

எல்லாம் ஒருங்கே தொடங்குதல்

கருவி வலிமையுற்றால் அதன் பிழையும் வலிமையுறும். 2023 மார்ச் 8-ஆம் நாள் ‘டேட்டாடாக்’ என்னும் கண்காணிப்பு நிறுவனத்தின் கணினிகளில் சிஸ்டம்டியின் பாதுகாப்புப் புதுப்பிப்பு தானாக நிறுவப்பட்டது. அதன் விளைவாக வலையமைப்புச் சேவை மறுதொடக்கம் செய்யப்பட, அது தான் அறியாத வழித்தடங்களை நீக்கிவிட்டது. வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே இயங்கிய பல்லாயிரம் கணினிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடர்பிழந்தன. முழு மீட்சிக்கு ஒரு நாளுக்கு மேலாயிற்று. இடத்தால் பிரிந்தவை காலத்தால் பிரியாமையே கேட்டின் காரணம். மறுதொடக்கத்தைச் சிறு சிறு குழுவாக, ஒன்றன் நலம் கண்டபின் அடுத்தது என நடத்துதல் வேண்டும். அன்சிபிளில் இதற்குச் ‘சீரியல்’ என்னும் விதி உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றை நான்கு வினாக்களில் தொகுக்கலாம். மாற்றம் உண்மையில் நிகழ்ந்ததா? தூது புறப்பட்டதா? புறப்பட்ட தூது சேர்ந்து சேவை நின்று எழுந்ததா? எழுந்த சேவை புதிய அமைவில் நலமாக உள்ளதா? இவ்வரிசையில் வினவுவார்க்குச் சிக்கல் எந்தக் கண்ணியில் உள்ளது என்பது விரைவில் புலப்படும். வரிசை மாறி, கண்டபடி மறுதொடக்கம் செய்வாரோ அடையாளங்களையும் அழித்துவிடுவர். ஆணை இடுவதோடு கடமை முடிவதில்லை. ஆணை சென்று சேர்ந்ததா என அறிவதும் ஆணையிட்டவர் கடமையே. நம் மாணவருள் கணினித் துறை புகுவோர் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.