ஒரே பக்கம், பல கைகள்

நான்கு மாணவர்களுக்கு ஒரு குழுப் பணி. ஒளிச்சேர்க்கை பற்றி இரண்டு பக்கம் எழுதிவர வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இதுதான்: நன்றாகப் படிக்கும் ஒருவர் முழுவதையும் எழுதிவிடுவார், மற்ற மூவரின் பெயர்களும் முதல் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும். நால்வருக்கும் ஒரே மதிப்பெண். எழுதியவர் யார், புரிந்துகொண்டவர் யார், ஒதுங்கி நின்றவர் யார் என்று ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை. ஒதுங்கி நின்ற பிள்ளைக்குத்தான் அந்தப் பணி அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

இந்த நிலையை மாற்றும் ஆற்றல் கூட்டு ஆவணத்துக்கு உண்டு. கூகுள் டாக்ஸ், ஈதர்பேட், இணையத்தில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வேர்ட் எல்லாம் இந்த வகை. வெவ்வேறு இடங்களில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தில் எழுதலாம், திருத்தலாம், ஓரத்தில் குறிப்பு இடலாம். அலுவலகங்களில் இது அன்றாடப் பழக்கமாகிவிட்டது. வகுப்பறைக்கு இது ஏன் முக்கியம் என்று அறிய, அதன் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1968இல் ஒரு செயல்விளக்கம்

1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் சுமார் 90 நிமிடம் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். மவுஸ் என்ற கருவியை அன்றுதான் அவர் பார்வையாளர்கள் முன் இயக்கிக் காட்டினார். அதைவிட வியப்பான காட்சியும் அன்று இருந்தது. பல கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க் ஆய்வகத்தில் இருந்த சக ஆய்வாளர் ஒருவரின் முகம் திரையில் தெரிந்தது. இருவரும் ஒரே உரையைப் பார்த்தபடி, பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். வேகமாகக் கணக்குப் போடுவது மட்டுமே கணினியின் வேலை என்று எங்கல்பார்ட் கருதவில்லை. மனிதர்கள் சேர்ந்து சிந்திக்கவும் அது துணைநிற்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் நோக்கம்.

நோக்கம் அன்றே தெளிவாக இருந்தது. ஆனால், இரண்டு பேர் ஒரே வரியில் ஒரே கணத்தில் கைவைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

இரண்டு திருத்தங்கள் மோதும்போது

திரையில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "இலை உணவு தயாரிக்கிறது." அந்த நால்வரில் ஒருத்தியான மீனா இதன் தொடக்கத்தில் "பச்சை" என்று சேர்க்கிறாள். அதே நொடியில் தன் வீட்டிலிருந்து கபீர், முதல் சொல்லுக்குப் பின் "ஒளியில்" என்று சேர்க்கிறான். கபீரின் கணினியிலிருந்து கிளம்பும் கட்டளை, "1ஆம் சொல்லுக்குப் பின் ‘ஒளியில்’ சேர்" என்பது. அது மீனாவின் கணினியை அடையும்போது அங்கே முதல் சொல் மாறிவிட்டிருக்கிறது. இப்போது முதல் சொல் "பச்சை". கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் மீனாவின் திரையில் "பச்சை ஒளியில் இலை உணவு தயாரிக்கிறது" என்று வரும். கபீரின் திரையிலோ "பச்சை இலை ஒளியில் உணவு தயாரிக்கிறது" என்று இருக்கும். இருவரிடமும் இருவேறு கட்டுரைகள். மீனாவின் திரையில் பொருளும் மாறிவிட்டது: பச்சையாக இருப்பது இலை அல்ல, ஒளி. 

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு: ஒருவர் எழுதும்போது மற்றவருக்குப் பக்கத்தைப் பூட்டிவிடலாம். பழைய அமைப்புகள் பல அப்படித்தான் செய்தன. ஆனால் பூட்டினால் சேர்ந்து எழுதுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வரிசையில் நின்று எழுதுவதாகிவிடும்.

1989இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு கணினி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் வேறொரு வழியை வெளியிட்டார்கள். எல்லிஸ், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவர்கள் கண்ட வழி இது: வந்து சேரும் கட்டளையை அப்படியே நிறைவேற்றாதே, அது கிளம்பிய பிறகு இங்கே என்ன மாறியது என்று பார், அதற்கேற்பக் கட்டளையைத் திருத்தி, பிறகு நிறைவேற்று. முன்னால் ஒரு சொல் கூடியிருப்பதால், "1ஆம் சொல்லுக்குப் பின்" என்பது "2ஆம் சொல்லுக்குப் பின்" என்று மாறும். இரண்டு திரையிலும் ஒரே வாக்கியம் வரும்: "பச்சை இலை ஒளியில் உணவு தயாரிக்கிறது."

இங்கே சொற்களை எண்ணியது விளக்கத்துக்காக. உண்மையில் கணினி குறியீடுகளை எண்ணுகிறது. தமிழில் "கி" என்பது அதற்கு இரண்டு குறியீடு: க ஒன்று, இகரக் குறி ஒன்று. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் நம் திரையில் உடனே தோன்றிவிடும். ஆவணத்தை வைத்திருக்கும் மையக் கணினியான சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. எல்லோருடைய திருத்தங்களும் சர்வரில் ஒரு வரிசைக்கு வந்து, தேவைப்பட்டால் மாற்றம் பெற்று, மற்றவர்களின் திரைகளுக்குப் போகின்றன. இருவர் சரியாக ஒரே இடத்தில் எழுதினால் யாருடையது முதலில் என்பதற்கும் ஒரு விதி உண்டு. அந்த விதி எல்லாக் கணினிகளுக்கும் ஒன்றே என்பதால் குழப்பம் வராது. 2010இல் கூகுள் டாக்ஸ் இந்த முறைக்கு மாறியது. பிறர் தட்டும் எழுத்துகள் ஒவ்வொன்றாக நம் கண்முன் தோன்றத் தொடங்கின.

அழியாத குறிப்பேடு

இந்த ஏற்பாட்டிலிருந்து இன்னொரு பயன் கிடைத்தது. கற்பித்தலில் அக்கறை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

திருத்தங்களைச் சரியாகச் சேர்க்க, எது எப்போது யாரிடமிருந்து வந்தது என்பதைக் கணினி குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்புகளை அழிக்காமல் வைத்திருந்தால், ஆவணம் பிறந்து வளர்ந்த கதை முழுவதும் கையில் இருக்கும். ஈதர்பேட்டில் ஒவ்வொருவர் எழுதியதும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். ஒரு பட்டையை நகர்த்தினால் வெற்றுப் பக்கம் கட்டுரையாக வளர்வதைப் பார்க்கலாம். கூகுள் டாக்ஸில் பழைய பதிப்புகளைத் திறந்து, எந்தத் திருத்தம் யாருடையது என்று காணலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரலாற்றுப் பக்கம் உண்டு. நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், முதலில் இரண்டு வரியாக இருந்தது எத்தனை பேர் கைபட்டு வளர்ந்தது என்று எந்த மாணவரும் அறியலாம். நல்ல எழுத்து ஒரே மூச்சில் பிறப்பதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

வடம் பிடிப்பவர் எல்லாரும் இழுப்பதில்லை

தேர்வடத்தில் கைவைத்த எல்லாரும் முழு பலத்தோடு இழுப்பதில்லை என்பது ஊரில் யாவரும் அறிந்தது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கருவி வைத்தே அளந்தார். ஆள் கூடக் கூட, கயிற்றை இழுப்பதில் தலைக்கு விழும் விசை குறைந்தது. எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காதது ஒரு காரணம். கூட்டத்தில் தன் பங்கு தெரியாது என்ற எண்ணம் மற்றொரு காரணம் என்பதைப் பின்னாளில் அமெரிக்க உளவியலாளர்கள் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. 1981இல் வெளியான சோதனையில் ஒரு முக்கியமான செய்தி இருந்தது: குழுவில் இருந்தாலும் தங்கள் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று அறிந்தவர்கள் சோம்பவில்லை.

குழுப் பணியில் ஒதுங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். அவருடைய உழைப்பைக் காண நாம் வழி வைத்திருக்கிறோமா? கூட்டு ஆவணத்தின் வரலாறு அந்த வழியைத் தருகிறது.

கருவி மட்டும் போதாது

இருந்தாலும் இணைப்பைப் பகிர்ந்துவிட்டு "சேர்ந்து எழுதுங்கள்" என்று சொன்னால், நன்றாகப் படிப்பவரே திரையிலும் எழுதுவார். பணியின் அமைப்பும் மாற வேண்டும். எல்லிஸ் பிற்காலத்தில் பணியாற்றிய அதே ஆஸ்டின் நகரில், 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு முறையை உருவாக்கினார். வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்து, பகையும் போட்டியும் மிகுந்திருந்த காலம் அது. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். ஒருவரிடம் உள்ளது மற்றவருக்குக் கட்டாயம் தேவை என்பதால், கேட்காமலும் சொல்லாமலும் யாராலும் பாடத்தை முடிக்க முடியாது.

ஒளிச்சேர்க்கைப் பணியை இப்படி அமைக்கலாம். மீனாவுக்கு ஒளி, கபீருக்கு நீர், மூன்றாமவருக்குக் கரியமில வாயு, நான்காமவருக்குப் பச்சையம். ஒவ்வொருவரும் தம் பகுதியை எழுதியபின், "இருட்டறையில் வைத்த செடி ஏன் வாடுகிறது?" என்ற கேள்விக்கு நால்வரும் சேர்ந்து ஒரே பத்தியில் விடை எழுத வேண்டும். ஒருவர் பகுதியில் இன்னொருவர் குறைந்தது ஒரு கேள்வியாவது ஓரக்குறிப்பாகக் கேட்க வேண்டும். கனடாவில் மார்லின் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் இருவரும் 1980களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய கூட்டுக் கற்றல் மென்பொருளில் இதற்கு உதவும் ஏற்பாடு இருந்தது. "என் கருத்து", "எனக்குப் புரிய வேண்டியது", "புதிய தகவல்" போன்ற தொடக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து மாணவர் குறிப்பு எழுதலாம். சாதாரண ஆவணத்திலும் இந்தத் தொடக்கங்களை மேலே எழுதிவைத்தால் போதும்.

ஆசிரியர் கவனத்துக்கு

வரலாற்றுப் பக்கத்தைக் கண்காணிப்புக் கேமராவாக ஆக்கிவிடக் கூடாது. யார் எத்தனை வரி தட்டினார் என்று எண்ணி மதிப்பெண் போட்டால், பிள்ளைகள் வரிகளைப் பெருக்கக் கற்றுக்கொள்வார்கள். ஒரு பிழையைக் கண்டுபிடித்து ஒரே சொல்லை மாற்றியவரின் பங்கு, இருபது வரி எழுதியவரின் பங்கைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒரு பத்தி முழுவதும் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால், அது வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாக இருக்கலாம். நோட்டில் எழுதிப் பார்த்து வந்து சேர்த்ததாகவும் இருக்கலாம். கேட்டுத்தான் அறிய வேண்டும்.

எல்லா வீட்டிலும் கணினியும் இணையமும் இல்லை. ஒரு போனை அண்ணனும் தங்கையும் பகிரும் வீட்டுப் பிள்ளைக்கு இது வீட்டுப்பாடமாகப் போனால் அநீதி. பள்ளி நேரத்தில், பள்ளிக் கணினிகளில் செய்யலாம். ஈதர்பேட் திறந்த மூல மென்பொருள். பள்ளியின் ஒரு கணினியில் நிறுவினால் கணினி அறைக்குள் வெளி இணையம் இல்லாமலே இயங்கும். மாணவர்கள் தனிக் கணக்கு தொடங்கவும் வேண்டியதில்லை.

தொடங்க விரும்புபவர்கள் ஒரு பாடவேளையில் ஒரு சிறு பத்தியோடு தொடங்கலாம். மதிப்பெண் போடும் முன் முடிந்த பத்தியையும் அது வளர்ந்த விதத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, "இந்தச் சொல்லை ஏன் மாற்றினாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு மாணவர் சொல்லும் காரணம்தான் அவர் கற்றதற்குச் சான்று. மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்தக் காரணத்துக்கு ஒதுக்குங்கள்.