மனை வாங்கப் போகிறீர்களா?

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார் தரகர். என் இரட்டைவடச் சங்கிலியை விற்று முன்பணம் கொடுத்தோம். ஐப்பசி மழையில் போய்ப் பார்த்தால் மனையில் முழங்கால் தண்ணீர்! முந்தின வருஷம்வரை நெல் விளைந்த நஞ்சையாம் அது.

சகோதரிகளே, நஞ்சையை வீட்டுமனையாக்கப் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. நில உபயோக மாற்றமும், நகர் ஊரமைப்புத் துறையின் லே-அவுட் அனுமதியும் வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. அனுமதி. அனுமதியில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே தடை போட்டது.

அதனால் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அலுவலகத்திலேயே விசாரியுங்கள். வரைபடத்தில் சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டிருக்கிறார்களா? வில்லங்கச் சான்று சரியா? மழைக்காலத்தில் ஒரு நடை நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள்.

எங்கள் முன்பணம் போனது போனதுதான். உங்கள் சங்கிலியாவது கழுத்தில் இருக்கட்டும்!