தொட்டுக்கொள்வது முதலில், சோறு கடைசியில்

கையளவு வயிறு – 9

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஓர் உணவு அட்டவணை தருவார்கள். முதல் ஓரிரு நாள் வடிகட்டிய ரசம், பருப்புத் தண்ணீர் போன்ற தெளிந்த நீர் ஆகாரம். அடுத்த இரண்டு வாரம் பால், மோர், புரதப் பொடி கரைத்த பானம். பிறகு மிக்சியில் அரைத்த பருப்பு, மசித்த முட்டை, காய் மசியல். ஐந்தாவது வாரம் வாக்கில் இட்லி, முள் நீக்கிய மீன், பனீர். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ‘வழக்கமான உணவு’ என்ற வரியோடு அட்டவணை முடிந்துவிடும். நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும். வரிசை பெரும்பாலும் இதுதான்.

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது. நம் வீடுகளில் வழக்கமான உணவு என்றால் தட்டின் நடுவே சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு. அந்தப் பழைய வழக்கத்துக்கு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் திரும்பவே முடியாது. அவருக்கான புதிய வழக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் உருவாக்க வேண்டும். கத்தி பட்டது ஒருவர் வயிற்றில். மாற வேண்டியது அந்த வீட்டின் சாப்பாட்டு முறை. இந்த வாரம் சொல்ல வந்தது அதைத்தான்.

வயிற்றில் இடம் இவ்வளவுதான்

சென்ற வாரம் பார்த்ததைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சும் குழாய் வடிவ இரைப்பை 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் விரிந்து கொடுத்த உறுப்பு இப்படி ஆகிவிட்டது. ஆனால் உடம்புக்கு வேண்டிய புரதம் குறையவில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 80 கிராம் வரை தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

இந்தக் கணக்கை நம் சமையலறைச் சாமான்களோடு வைத்துப் பாருங்கள். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம்தான் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 6 கிராமுக்குச் சற்று மேல். அரைக் கப் வெந்த கொண்டைக்கடலையில் 7 கிராம் அளவுக்கு. 50 கிராம் பனீரில் சுமார் 9. நடுத்தர மீன் துண்டு ஒன்றில் 15. சின்னக் கிண்ணம் தயிரில் 3. இத்தனையையும் ஒரே நாளில் சாப்பிட்டால்கூட ஐம்பதைத் தாண்டவில்லை. மீனும் முட்டையும் தொடாத வீடுகளில் பால், தயிர், பனீர், சோயா, பருப்பு, சுண்டல் எல்லாவற்றையும் வேளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால்தான் கணக்கு பக்கத்தில் வரும். முதல் சில மாதங்களுக்குப் புரதப் பொடியை டயட்டீஷியன்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இப்போது தட்டைப் பாருங்கள். முதல் ஐந்து வாய் சோறாகப் போய்விட்டால், முட்டைக்கும் மீனுக்கும் இடமே இருக்காது. ஆகவே சாப்பிடும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நாம் தொட்டுக்கொள்ளும் பதார்த்தமாக வைத்திருந்த மீன், முட்டை, பனீர், சுண்டல் முதலில். அடுத்து காய். கடைசியில் இடமிருந்தால் இரண்டு கரண்டி சோறு. இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம். ‘சோறே தொடாமல் எழுந்தால் அது என்ன சாப்பாடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் வருந்துவார்கள். அவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். புரிந்துகொண்டால் அவர்களே முதல் ஆளாக முட்டையை உரித்து வைப்பார்கள்.

செம்பு கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். நம்மவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்த விதிதான். சிறு இரைப்பையில் தண்ணீரும் உணவும் ஒரே நேரத்தில் போனால் நெஞ்சை அடைக்கும், வாந்தி வரும். அல்லது உணவைத் தண்ணீர் சீக்கிரம் கீழே தள்ளிவிட, சிறிது நேரத்திலேயே மறுபடி ஏதாவது வேண்டும் போலிருக்கும். அதேசமயம் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும். ஒரே மூச்சில் அரைச் செம்பைக் காலி செய்த பழக்கத்தை விட்டு, இரு வேளைகளுக்கு இடையில் மடக்கு மடக்காக நாள் முழுவதும் குடிப்பதே வழி. பஸ்ஸிலும் அலுவலகத்திலும் கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

குழம்பு, ரசம், மோர் என்று மூன்று முறை பிசைந்து சாப்பிடும் நம் முறைக்கும் இது பொருந்தும். குழைய வடித்த சோற்றை ரசத்தில் கரைத்தால் மெல்லாமலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். மென்று விழுங்குவது இனி பல்லின் பொறுப்பு மட்டுமல்ல. இரைப்பை அரைக்க வேண்டியதில் பெரும்பங்கை வாயிலேயே முடித்து அனுப்ப வேண்டும். சின்ன வாய், இருபது இருபத்தைந்து முறை மெல்லுதல், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே சற்று இடைவெளி. இப்படிச் சாப்பிட்டால் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். பரோட்டா, சப்பாத்தி, காய்ந்த கோழித்துண்டு, முருங்கைக்காய் நார், ஆரஞ்சுச் சுளைத் தோல் ஆகியவை முதல் மாதங்களில் சிக்கிக்கொள்ளக் கூடியவை. குழம்பில் ஊறிய மென்மையான மீனும் நன்றாக வெந்த பருப்பும் பலருக்கு ஒத்துப்போகும். இன்னும் ஒரு வாய் என்று தோன்றும்போது நெஞ்சுக்குழியில் லேசான அழுத்தம் தெரிந்தால், அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

கல்யாணப் பந்தியும் சர்க்கரைப் பொங்கலும்

பைபாஸ் செய்துகொண்டவர்கள் இனிப்பில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஜிலேபியோ சர்க்கரைப் பொங்கலோ இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலில் போய் விழும்போது, அந்தச் சர்க்கரை ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும். பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைதல், பேதி எல்லாம் வரலாம். மருத்துவர்கள் இதை ‘டம்பிங்’ என்கிறார்கள். வேறு சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, அதிகமாகச் சுரந்த இன்சுலினால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கும் இது வருவதுண்டு.

பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்தால் முதலில் வந்து விழுவது இனிப்புதான். பரிமாறுபவரிடம் கையைக் காட்டி மறுப்பதில் தவறில்லை. கோயிலில் பிரசாதம் தந்தால் ஒரு துளி வாயில் இட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொள்ளலாம். விரதமோ நோன்போ இருப்பவர்கள் முதல் ஆண்டில் மருத்துவரைக் கேட்காமல் இருக்கவே கூடாது. விருந்துக்கு அழைப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ‘இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க’ என்று வற்புறுத்தாதீர்கள். உங்கள் அன்பை மறுக்க மனமில்லாமல் அவர் விழுங்கும் ஒரு வாய், இரவெல்லாம் அவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடும்.

மாத்திரை டப்பா ஆயுளுக்கும் உண்டு

உணவிலிருந்து பி12 வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. இரைப்பை சுருங்கியபின் அந்த வரத்து குறைகிறது. பைபாஸில் சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவு போவதால் இரும்புச்சத்தும் கால்சியமும் கூடக் குறைவாகவே சேர்கின்றன. எனவே மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுக்கத் தேவை. பலருக்கு இரும்புச்சத்தும் வேண்டும். கால்சியம் உணவையும் மாத்திரையையும் சேர்த்து நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். டீ, காபியோடு இரும்பு மாத்திரை போட்டால் அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். பலர் இதில்தான் மனம் உடைந்து போகிறார்கள். வேகமாக எடை இறங்கும்போது உடல் காட்டும் எதிர்வினை அது. புரதமும் சத்துகளும் சரியாகக் கிடைத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி திரும்ப வளரும்.

அலட்சியம் செய்யவே கூடாத விஷயங்கள் இரண்டு. நாள்கணக்கில் வாந்தி நிற்காமல் இருந்தால் உடலில் பி1 வைட்டமின் தீர்ந்துபோய் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சிலும் நினைவிலும் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நம் ஊரில் வாந்தி என்றால் பக்கத்து கிளினிக்குக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வோம். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகலாம். ஆகவே ‘எனக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது’ என்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கும் மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். வலிக்கு எது போடலாம் என்பதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பிறகு சாப்பிடுபவர்

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டின் சமையலைப் பார்க்கும் பெண்ணாக இருந்தால் கஷ்டம் இரட்டிப்பு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தில் இருப்பதை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வது, குழந்தைகள் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனசு வராமல் சாப்பிடுவது என்று பல வருடப் பழக்கம் அவருக்கு. மீன் துண்டு மற்றவர்கள் தட்டுக்குப் போய்விட, கடைசியில் அவருக்குக் குழம்பும் சோறுமே மிஞ்சும். இனி அப்படி நடக்க விடக்கூடாது. ஒரு நாளில் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் இருபது இருபத்தைந்து நிமிடம், அவர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் தோசைக் கல்லைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்குரிய முட்டையையும் மீனையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். மருத்துவர் எழுதித் தரும் எந்தச் சீட்டிலும் இது இருக்காது. ஆனால் எந்த மருந்துக்கும் குறையாத பலன் இதில் உண்டு.

இந்த மாற்றம் மற்றவர்களுக்கும் வீண் போகாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படாத இவர்களில் பெரும்பாலோருக்கும் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுவது நல்லதுதான். அளவு அவரவர் தேவைப்படி இருக்கட்டும். குழந்தைகளையும் முதியவர்களையும் சிறுகிண்ணத்துக்கு இழுக்க வேண்டாம்.

இரண்டு வருடம் கழித்து

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சுரப்பது ஸ்லீவ் முறையில் அகற்றப்படும் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது. இந்தக் காலம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கிடைத்த அவகாசம். பின்னாளில் பசி மெல்லத் திரும்பும். கவலையிலும் சலிப்பிலும் கை டப்பாவைத் தேடும். மிக்சர், டீயில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிரீம் போன்றவை சிறு வயிற்றிலும் எளிதாகக் கரைந்து இறங்கிவிடும். கோழிக்கறி இரண்டு துண்டில் நிறுத்தச் சொல்லும் வயிறு, பிஸ்கட் பாக்கெட்டை நிறுத்தச் சொல்லாது. எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். செய்துகொண்டவர்களின் எடை இரண்டாம் ஆண்டில் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 17 சதவீதம். இருபதாம் ஆண்டில் 18. இந்தக் குழுவில் இறப்பு விகிதமும் குறைவாகவே இருந்தது. அன்றைய முறைகள் இன்றைக்கு அதிகம் இல்லை என்றாலும், இறங்கிய எடையில் கொஞ்சம் திரும்ப ஏறுவது இயல்பு, பெரும்பகுதி நிலைக்கும் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. மூன்று கிலோ கூடிவிட்டது என்று வெட்கப்பட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். உங்களைக் குறை சொல்வதற்கு அல்ல, கூடும் எடையைத் தொடக்கத்திலேயே பிடிப்பதற்குத்தான் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் வரச் சொல்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் இந்த வாரமே மூன்று காரியம் செய்யலாம். அவருக்கென ஒரு சிறு தட்டும் சிறு கரண்டியும் ஒதுக்குங்கள். மாத்திரை நேரங்களை எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். ஒரு வேளையாவது அவரோடு உட்கார்ந்து, அவருடைய வேகத்துக்கே சாப்பிட்டுப் பாருங்கள். அவர் எதை விட்டிருக்கிறார், எதற்காக விட்டிருக்கிறார் என்பது அப்போது உங்களுக்கே தெரியும். பிறகு அவரை வற்புறுத்தத் தோன்றாது.

(அடுத்த வாரம்: அறுவை சிகிச்சைக்குப் பின் கர்ப்பம் – எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், எந்தச் சத்துகளைக் கவனிக்க வேண்டும்?)