தை விடுமுறைக்கு டெல்டா பக்கம் வருகிறீர்களா? வாங்கும் முன் கொஞ்சம் படியுங்கள்

அக்கா மகன் போன மாதம் பாங்காக் போய் வந்தான். கிளம்புவதற்கு முன்பே அவன் போனில் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. கிராண்ட் பேலஸ் வாசலில் யாராவது "இன்னைக்கு அரண்மனை லீவு, வாங்க வேற இடம் காட்டுறேன்" என்றால் அந்த டுக்-டுக்கில் ஏறாதே, அது கல் விற்கிற கடையில்தான் போய் நிற்கும். சதுசக் சந்தைக்குப் போவதென்றால் சனி, ஞாயிறு போ. புத்தர் சிலை வாங்கினால் அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. இப்படி நிறைய.

பட்டியலைக் காட்டிவிட்டு அவன் கேட்டான்: "மாமா, தாய்லாந்து போறவனுக்கு இவ்வளவு டிப்ஸ் இருக்கு. தை மாசம் நம்ம ஊருக்கு வர்றவங்களுக்கு யாரு சொல்றா?"

கேள்வி சுருக்கென்று இருந்தது. காரணம் உண்டு.

மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகள் மூன்று வருடம் முன்பு பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தாள். புது வீட்டுக்கு ஒரு தஞ்சாவூர் ஓவியம் வேண்டும் என்றாள். நான்தான் கூட்டிப் போனேன். கார் ஓட்டி வந்தவர் "எனக்குத் தெரிஞ்ச கடை சார்" என்றார். அங்கேயே போனோம். வெண்ணெய்த்தாழி கிருஷ்ணர், பளபளவென்று இருந்தார். "சுத்தத் தங்கம்" என்றார்கள். நான் தலையாட்டினேன். நீடாமங்கலத்துக்காரன், தஞ்சாவூருக்குப் பக்கத்து ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. போன வருடம் அவள் அனுப்பிய போட்டோவில் கிருஷ்ணரைச் சுற்றித் தங்கம் கறுத்திருந்தது. "அண்ணே, இங்க உள்ள ஈரத்துக்கு இப்படி ஆயிடுச்சு போல" என்று அவளே ஒரு சமாதானமும் எழுதியிருந்தாள். அது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது.

வருகிற தையில் அவள் மறுபடி வருகிறாள். இந்தத் தடவை ஒரு நடராஜர் வேண்டுமாம். அதனால் சில வாரங்களாகத் தஞ்சாவூர், சுவாமிமலை, நாச்சியார்கோவில், திருபுவனம் என்று அலைந்து, வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் ஒன்றுதான்: ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால், அதில் எங்கே ஏமாற்ற முடியும் என்பதும் தெரிந்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியம்

பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சாக் பவுடரும் பசையும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்த்து, அதில் கோட்டோவியம் வரைகிறார்கள். அந்தக் காலத்தில் பலாப்பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். நகை, தூண், மண்டபம் வருகிற இடங்களில் கல் பதித்து, அதே கலவையால் மேடாக்கி, அதன் மேல் தங்கத் தகடு ஒட்டுகிறார்கள். வழக்கமாக 22 காரட். வண்ணம் தீட்டுவது கடைசியில்.

ஆகவே ஏமாற்று வேலைக்கு இரண்டு இடம். ஒன்று, தகடு. தங்க நிறத்தில் பித்தளை மாதிரி உலோகத் தகடு கிடைக்கிறது. புதிதில் அது தங்கத்தைவிட அதிகமாக மினுக்கும், சில வருடத்தில் கறுக்கும். நல்ல தங்கத் தகட்டின் ஒளி கொஞ்சம் அடக்கமாக, கனிந்த மஞ்சளாக இருக்கும். எங்கள் கிருஷ்ணர் அன்றைக்கு ஏன் அப்படிப் பளபளத்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. இரண்டு, வரைதல். முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அச்சடித்த படமென்றால் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். கையால் தீட்டியதில் தூரிகை ஓடிய தடம் இருக்கும்.

கடையில் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். "22 காரட் தங்கத் தகடு" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

சுவாமிமலைச் சிலை

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் முதலில் சிலையைச் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து, முகம் இவ்வளவு, உடல் இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். மெழுகுச் சிலைக்கு மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வரும். ஒரு அச்சில் ஒரு சிலைதான். அதற்கப்புறம் உளி வேலையும் அரமும் நாள் கணக்கில் நடக்கும்.

அதனால் கடையில் ஒரே சிலை நாலு, எழுத்தெழுத்தாக அப்படியே இருந்தால் அது இந்த முறையில் செய்ததல்ல. கையில் தூக்கிப் பாருங்கள், சுவாமிமலை வேலை பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே வெற்றிடம் கிடையாது. விரல் நுனி, காது, முதுகுப்புறம் பாருங்கள். முன்பக்கம் எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள், முதுகில்தான் வேலைக்காரன் தெரிவான்.

இனி முக்கியமான எச்சரிக்கை. "இது பழைய சிலை சார், கோயில்ல இருந்தது, உங்களுக்காகத்தான் எடுத்துக் காட்டுறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். ஒன்று அது பொய், புதுச் சிலைக்குப் பாசி பிடித்த நிறம் ஏற்றுவது பெரிய வித்தையல்ல. அல்லது அது உண்மை, அப்படியென்றால் அதைவிட மோசம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் நம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

புதுச் சிலை வாங்குகிறவர்களும் ஒன்று செய்ய வேண்டும். "இது தொல்பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறை சான்றிதழ் தருகிறது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற சிலைக்கு அதை வாங்கித் தர முடியுமா, எத்தனை நாள் ஆகும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கிளம்பும் நாளுக்கு முதல் நாள் சிலை வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு

இதுவும் வண்டல் மண் அச்சில் வார்ப்பதுதான், ஆனால் பித்தளை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் அல்லது கொண்டை எனத் தனித்தனியாக வார்த்துக் கடைந்து, மரை போட்டுப் பூட்டுகிறார்கள். கழற்றி எடுத்துப் போகலாம் என்பது பயணிகளுக்கு வசதி.

விலை பெரும்பாலும் எடைக்கு. அதனால் "இந்த விளக்கு என்ன விலை" என்று கேட்பதைவிட "கிலோ என்ன" என்று கேளுங்கள், கண் முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தைக் கவிழ்த்து, எடைக்காக வேறு ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி நீங்களே பூட்டுங்கள். மரை இறுகி, விளக்கு சாயாமல் நேராக நின்றால் சரி. விமானத்தில் எத்தனை கிலோ அனுமதி என்பதையும் மறந்துவிடக் கூடாது, விளக்கின் கனம் வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

திருபுவனம் பட்டு

திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடையே ஊரில் இருக்கிறது, அங்கே வாங்குவது நிம்மதி. மற்ற கடையில் வாங்கினால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பட்டா என்று சந்தேகம் வந்தால் முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தலாம். பட்டு முடி கருகிய வாசனையோடு எரிந்து, கையால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். ஜரிகை வேறு விஷயம். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியதும் ஜரிகைதான், செம்புக் கம்பியும் ஜரிகைதான். எது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

புவிசார் குறியீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது பெயருக்கான உரிமை. இந்தப் பகுதியில் இந்த முறையில் செய்ததைத்தான் இந்தப் பெயரில் விற்கலாம் என்பது அதன் பொருள். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பொருளை யாரோ சோதித்துப் பார்த்தார்கள் என்று பொருளல்ல. ஸ்டிக்கரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம்.

கையில் குறைவாகப் பணம் இருந்தால்

தலையாட்டி பொம்மையில் இரண்டு ரகம். ஒன்று, கழுத்தும் இடுப்பும் தனித்தனியாக ஆடுகிற நடனப் பெண். இன்னொன்று, தள்ளிவிட்டால் எழுந்து நிற்கிற ராஜா ராணி. இரண்டாவதில் அடி உருண்டை, கனமெல்லாம் கீழே, அதனால்தான் எழுகிறது. மேசையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் வேறு எடுங்கள்.

அடுத்தது நெட்டி வேலை. நெட்டி என்பது நீர்நிலைகளில் வளரும் ஒரு செடியின் தண்டு, உள்ளே தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும். மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் பக்கம் மாட்டுக்கு நெட்டி மாலை போடுவோம். அதே நெட்டியில் பெரிய கோயிலைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். எடையே இருக்காது, ஆனால் அழுத்தினால் போச்சு. கைப்பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

பேரம்

பேரம் பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம். ஆனால் பாங்காக் சந்தையில் பனியனுக்குப் பேசுகிற மாதிரிப் பாதி விலை கேட்டால் இங்கே இரண்டில் ஒன்று நடக்கும்: நல்ல வேலைக்காரர் பேச்சை நிறுத்திவிடுவார், மட்டமான சரக்கு வைத்திருப்பவர் ஒப்புக்கொள்வார். அதைவிட "இதுல எதைக் குறைச்சா விலை குறையும்?" என்று கேளுங்கள். சின்ன அளவு, குறைந்த கல், எளிய பீடம் என்று அவரே வழி சொல்வார். தங்கமும் நிஜமாக இருக்கும், கூலியும் அவருக்குக் கிடைக்கும். விலை பிடிபடவில்லையென்றால் முதலில் தமிழ்நாடு அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, எந்த அளவு என்ன விலை என்று பார்த்துக்கொண்டு பிறகு பட்டறைக்குப் போங்கள்.

டிரைவர் காட்டுகிற கடை என்றால் அவருக்குக் கமிஷன் இருக்கலாம், அது உங்கள் பில்லில்தான் ஏறும். கடைப் பெயரை நீங்கள் சொல்லுங்கள், அவர் ஓட்டட்டும்.

வழி: ஒரு நாள் தஞ்சாவூருக்கு, ஓவியமும் பொம்மையும் நெட்டியும். அடுத்த நாள் நீடாமங்கலத்திலிருந்து ஆலங்குடி, வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போய் சுவாமிமலை, திருபுவனம், திரும்பும்போது நாச்சியார்கோவில். எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள், சரக்கு ரயில் வந்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தங்கச்சியிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். "அப்ப அந்தக் கிருஷ்ணரை என்னண்ணே பண்றது?" என்றாள். தஞ்சாவூரில் ஓர் ஓவியரிடம் படத்தைப் போனில் காட்டிக் கேட்டிருந்தேன். வரைந்தது கை வேலைதானாம், நல்ல முகமாம். கறுத்த தகட்டை உரித்துவிட்டுத் தங்கம் ஒட்டலாம், செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும் என்றார். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் செலவு என்னுடையது.